கைம்மாறு கேட்காதவற்றுக்கு நன்றி

நன்றியுணர்வில் மூன்று உண்டு: கொடுத்தவர், கொடுக்கப்பட்டது, பெற்றுக்கொண்டவர். கொடுத்தவர் மனமறிந்து கொடுத்திருந்தால் சிக்கல் எதுவும் இல்லை. பெற்றவர் நன்றி சொல்கிறார்; முடிந்தபோது திருப்பிச் செய்கிறார். ஆனால் மனித வாழ்வைத் தாங்கி நிற்கும் உதவிகளில் பெரும்பகுதி இப்படி வருவதில்லை. வீட்டில் தினமும் உலை வைப்பவர் அதை உதவி என்றே நினைப்பதில்லை. ஒருவரைத் தூக்கி நிறுத்திய புத்தகத்தை எழுதியவர் எப்போதோ இறந்திருப்பார். யார் வாசிக்கப்போகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. வாசலில் படுத்துக் காவல் காக்கும் நாய், நல்லது செய்யவேண்டும் என்று தீர்மானித்துச் செய்வதில்லை. இவர்களுக்கும் இவற்றுக்கும் நன்றி செலுத்துவது பொருளுள்ள கடமையா, வெறும் மன நெகிழ்ச்சியா என்பது சமயங்களும் தத்துவமும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கேள்வி.

மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. வீட்டார் கைம்மாறு கேட்கக் கூடியவர்கள், இருந்தும் கேட்பதில்லை. புத்தகத்தால் கைம்மாற்றைப் பெற்றுக்கொள்ளவே முடியாது. வளர்ப்பு விலங்கால் பெற்றுக்கொள்ள முடியும், கேட்கத்தான் முடியாது. ஆகவே நன்றியின் வடிவமும் இம்மூன்று இடங்களில் மாறுகிறது.

கேள்வியின் வேர்

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த செனெகா, உதவி செய்வதையும் பெறுவதையும் பற்றி ஏழு பகுதிகள் கொண்ட தனி நூல் எழுதினார். கைமாறும் பொருள் உதவி ஆகாது, கொடுப்பவரின் எண்ணமே உதவி என்பது அவர் கொள்கை. கொடுத்த பொருள் தொலையலாம், பறிபோகலாம். கொடுத்த மனம் அழிவதில்லை. இதை ஏற்றால் எண்ணமில்லாத எதற்கும் நன்றிக்கடன் கிடையாது. ஆறு பெரிய கப்பல்களைச் சுமந்தாலும் ஆற்றுக்கு யாரும் கடன்பட்டவரில்லை என்று அவரே சொல்கிறார். அப்படியானால் சூரியனுக்கும் சந்திரனுக்கும்? அவை தெய்வத்தன்மை உடையவை, அறிந்தேதான் நன்மை செய்கின்றன என்று அவர் விடை கூறினார். சூரியனுக்கு நன்றி சொல்வதற்காகச் சூரியனுக்கு மனத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது.

திருக்குறள் இதை வேறு பக்கமிருந்து அணுகுகிறது. செய்ந்நன்றி அறிதல் என்னும் 11ஆம் அதிகாரம், பயனை எதிர்பாராமல் செய்யும் உதவியைப் போற்றுகிறது. ஆனால் உதவியின் அளவைச் சொல்லும்போது அதன் பார்வை பெறுபவர் மேல் விழுகிறது. தினையளவு உதவியைப் பனையளவாகக் காண்பவர் பெற்றுக்கொண்டவர்தான். உதவியின் பெருமையும் பெற்றவரின் பண்பைப் பொறுத்தே அமைகிறது. ஒப்புரவறிதல் என்னும் 22ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் முதல் குறள் மழையை முன்னிறுத்தி, மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும் என்று கேட்கிறது. மழைக்கு எண்ணம் உண்டா என்ற ஆராய்ச்சியில் அது இறங்கவில்லை. மழையால் வாழ்பவர்கள் மழையைப் போலப் பிறருக்குப் பயன்படவேண்டும் என்பதே அந்த அதிகாரத்தின் போக்கு. திருப்பிக் கொடுக்க முடியாத நன்மையை முன்னோக்கிக் கொடுப்பது ஒரு வழி என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் விடை.

சரத் காலத்தின் பங்கு

இந்தக் கேள்விக்குச் சடங்குகளின் வழியே கிடைத்த விடைகள் பல ஆண்டின் ஒரே பருவத்தில் வந்து கூடுகின்றன. ஆறு பருவங்களில் சரத் என்று வடமொழியும், ஏறத்தாழ அதே மாதங்களைக் கூதிர் என்று தமிழிலக்கணமும் குறிக்கும் ஐப்பசி, கார்த்திகையையும், அவற்றுக்கு முந்தைய புரட்டாசியையும் ஒட்டிய காலம் அது. வட இந்தியாவிலும் நேபாளத்திலும் மழை விட்டு வானம் தெளியும் காலம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இலையுதிர் காலம். அறுவடை வீடு சேர்ந்து, குளிர் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் ஓய்வு. தமிழகத்தில் காவிரிப் படுகையின் குறுவை அறுவடையாகி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளை. மண்ணிலிருந்து கிடைத்தது கண்முன் குவிந்திருக்க, அது யாரால் வந்தது என்ற நினைவும் கூடவே எழுகிறது.

புரட்டாசி அமாவாசையில் முன்னோர் வழிபாடு. மறுநாள் நவராத்திரி தொடக்கம். ஒன்பதாம் நாள் புத்தகங்களுக்கும் கருவிகளுக்கும் பூசை. சில வாரங்களில் நேபாளத்தில் காகத்தையும் நாயையும் பசுவையும் போற்றும் திஹார். யூதர்களுக்குக் குடில்களில் தங்கும் சுக்கோத் விழா, அதை அடுத்து மறைநூலோடு ஆடிப்பாடும் சிம்ஹத் தோரா. கத்தோலிக்கருக்கு அக்டோபர் 4 அன்று அசிசி நகரப் புனித பிரான்சிஸின் திருநாள். அமெரிக்கக் குடும்பங்களுக்கு நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையில் நன்றியறிதல் நாள். தமிழர்கள் மாட்டுக்கும் கதிரவனுக்கும் நன்றி சொல்வது தை மாதத்தில் என்றாலும், முன்னோரையும் நூலையும் சிறப்பாக நினைப்பது இந்தப் பருவத்தில்.

கேட்க முடிந்தும் கேட்காத வீடு

தமிழ்க் குடும்பங்களில் தாய்க்கோ மனைவிக்கோ அண்ணனுக்கோ வாய்விட்டு நன்றி சொல்வது வழக்கமில்லை. சொன்னால் அந்நியமாகப் படும். இது நன்றி இல்லாமையால் வந்த வழக்கம் இல்லை. உறவுக்குள் நடப்பதைக் கொடுக்கல் வாங்கலாகக் கருதக் கூடாது என்ற எண்ணத்திலிருந்து வந்தது. ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சொல்லாமல் இருப்பது எளிதில் காணாமல் இருப்பதாக மாறிவிடும். அதிகாலையில் எழுந்து மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சோறு கட்டுவதும், முதியவரின் மாத்திரை தீர்வதற்குள் வாங்கி வைப்பதும், இரவில் வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருப்பதும் பழகப் பழகக் கண்ணில் படாமல் போகின்றன.

கடமையாகச் செய்வதற்கு நன்றி உண்டா என்பது இங்கே எழும் தத்துவக் கேள்வி. அடிமை தன் எசமானனுக்கு உதவி செய்ய முடியுமா, அவன் செய்வதெல்லாம் ஏவல்தானே என்று செனெகாவின் காலத்தில் வாதிட்டார்கள். முடியும் என்றார் அவர். விதிக்கப்பட்டதைத் தாண்டி அன்பால் செய்யப்படுவது எதுவும் உதவியே. செய்பவரின் நிலையைப் பார்க்காமல் மனத்தைப் பார்க்கவேண்டும் என்பது அவர் வாதம். குடும்பத்துக்கு இது அப்படியே பொருந்தும். சமைப்பது கடமையாகவே இருக்கட்டும். பிள்ளைக்குப் பிடிக்கும் என்று ஒரு பிடி கறிவேப்பிலையைக் கூடுதலாகத் தாளிப்பது கடமைக்குள் அடங்காது.

பெற்றோருக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்துவிட முடியாது என்பதில் கிரேக்கமும் பௌத்தமும் ஒத்துப்போகின்றன. தெய்வங்களுக்கும் பெற்றோருக்கும் தகுந்த ஈடு யாராலும் செய்ய முடியாது, இயன்றதைச் செய்பவரே நல்லவர் என்றார் அரிஸ்டாட்டில். தாயை ஒரு தோளிலும் தந்தையை மறு தோளிலும் நூறாண்டு சுமந்தாலும் கடன் தீராது என்று பாலி மொழியில் உள்ள அங்குத்தர நிகாயம் கூறுகிறது. அதே இடத்தில் ஒரு வழியையும் காட்டுகிறது: பெற்றோரை நம்பிக்கையிலும் ஒழுக்கத்திலும் ஈகையிலும் அறிவிலும் நிலைபெறச் செய்பவர் அந்தக் கடனைத் தீர்க்கிறார்.

வைதிக மரபு இதைக் கடன் என்ற கருத்தாகவே வகுத்தது. முனிவர், தேவர், முன்னோர் ஆகிய மூவருக்கும் கடன்பட்டே அந்தணன் பிறக்கிறான் என்கிறது தைத்திரீய சம்ஹிதை. கற்றலால் முதல் கடனும், வேள்வியால் இரண்டாவதும், மக்களைப் பெறுவதால் மூன்றாவதும் தீரும். முன்னோர் கடன் முன்னோருக்கே திரும்பாமல் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. வள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளைச் சொல்லும்போது மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என ஐவரை ஒரே வரிசையில் வைத்தார். இறந்தவரும் இருப்பவரும் வந்தவரும் அங்கே ஒரே வீட்டின் பொறுப்பு.

மகாளய அமாவாசை எனப்படும் அந்தப் புரட்டாசி அமாவாசையில் இராமேசுவரம் அக்னி தீர்த்தத்திலும் திருவரங்கம் அம்மா மண்டபத்திலும் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது தந்தை வழியிலும் தாய் வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்கள் சொல்லப்படுகின்றன. மகாளய நாட்களில் ஆசிரியருக்கும் நண்பருக்கும் மாமனாருக்கும்கூட இடமுண்டு. முடிவில், தாயோ தந்தையோ உற்றாரோ இல்லாமல் போனவர்களுக்காகவும் ஒரு கை நீர் விடப்படுகிறது. தனக்கு எதுவும் செய்யாதவருக்கும் நீர் வார்க்கும் அந்த இடத்தில், நன்றி கணக்குப் பார்ப்பதை விட்டுவிடுகிறது.

பெற்றுக்கொள்ள முடியாத புத்தகம்

சரசுவதி பூசை அன்று வீட்டின் புத்தகங்கள் அலமாரியை விட்டு வெளியே வருகின்றன. கோலமிட்ட தரையில் மணை போட்டு, மேலே துணி விரித்து, பெரியவை அடியிலும் சிறியவை மேலேயுமாக அடுக்குவார்கள். பாடப் புத்தகம், தாத்தாவின் பழைய இராமாயணம், அட்டை கிழிந்த அகராதி, கணக்கு நோட்டு எல்லாம் ஒரே அடுக்கில் சேரும். மேலே இருக்கும் புத்தகத்துக்குச் சந்தனமும் குங்குமமும். அருகில் பொரி, கடலை, சுண்டல். அன்று முழுவதும் எதையும் எடுத்துப் படிக்கக் கூடாது. மறுநாள் விசயதசமியில் மீண்டும் தீபம் காட்டி, அடுக்கைக் கலைத்து, ஏதாவது ஒரு புத்தகத்தில் சில வரிகள் வாசிக்கவேண்டும். குழந்தைகளுக்கு முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுப்பதும் அந்த நாளில்தான். திருவாரூர் மாவட்டம் கூத்தனூரில் உள்ள சரசுவதி கோவிலில் அன்று சிலேட்டும் பேனாவுமாகப் பெற்றோரும் பிள்ளைகளும் திரள்கிறார்கள்.

இந்தச் சடங்கின் கூர்மை அந்த ஒரு நாள் நிறுத்தத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் புத்தகம் ஏதோ ஒன்றுக்காகப் பயன்படுகிறது: தேர்வுக்கு, வேலைக்கு, பொழுதுபோக்குக்கு. பயன்படுத்தும்போது பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் கிடைப்பதே தெரிகிறது. பயன்பாட்டை ஒரு நாள் நிறுத்தினால்தான் அது தனக்கென ஓர் இருப்பு உள்ள ஒன்றாகத் தெரியும். ஆயுத பூசையில் தறியும் கடைசல் எந்திரமும் தையல் எந்திரமும் அரிவாளும் ஓய்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

யூத மரபு புத்தகத்துக்குச் செய்யும் மரியாதை இரண்டு வகையில் வெளிப்படுகிறது. சிம்ஹத் தோரா அன்று ஆண்டு முழுவதும் வாசித்துவந்த தோரா என்னும் ஐந்நூலின் இறுதிப் பகுதி முடிகிறது. முடிந்த கையோடு ஆதியாகமத்தின் தொடக்கம் வாசிக்கப்படுகிறது. சுருள்களைக் கையில் ஏந்தி ஆடுகிறார்கள். வாசித்து முடித்துவிட்டதாக எந்தப் புத்தகத்தையும் தள்ளிவைக்க வேண்டியதில்லை என்று அந்த ஆட்டம் சொல்கிறது. இரண்டாவது, தெய்வப் பெயர் எழுதிய தாள் நைந்து போனாலும் குப்பையில் போடாமல் கெனிசா எனப்படும் அறையில் சேர்த்துவைப்பது. கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தில் இப்படிச் சேர்ந்த தாள்களில் பெரும்பகுதியை யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் 1897இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். மறைநூல் துணுக்குகளோடு கடிதங்களும் வணிகக் கணக்குகளும் குழந்தைகள் எழுத்துப் பழகிய ஏடுகளும் அதில் இருந்தன. மத்தியகால மத்தியதரைக்கடல் உலகின் அன்றாட வாழ்வைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் நிறைய அந்த மரியாதையால் தப்பிப் பிழைத்தவை.

ஆனாலும் சந்தனம் வைப்பதும் பத்திரப்படுத்துவதும் மட்டும் புத்தகத்துக்கு நன்றி ஆகிவிடாது. 1111இல் மறைந்த இஸ்லாமியச் சிந்தனையாளர் அல்-கஸ்ஸாலி, நன்றியை அறிவு, மனநிலை, செயல் என்று மூன்றாகப் பகுத்தார். கொடையை அது எதற்காகத் தரப்பட்டதோ அதற்காகப் பயன்படுத்துவதே செயலால் காட்டும் நன்றி என்றார். புத்தகம் வாசிக்கப்படுவதற்காக எழுதப்பட்டது. பிடித்த புத்தகத்தை மறுபடி வாசிப்பதும், அடுத்தவர் கையில் கொடுப்பதும், பிள்ளைக்குப் படித்துக் காட்டுவதும், அது சொன்னதற்கேற்ப நடப்பதும்தான் எழுதியவருக்குச் சேரும் நன்றி. விசயதசமி காலையில் ஏட்டைத் திறந்தாகவேண்டும் என்ற விதி இதைத் தெரிந்து வைத்திருக்கிறது.

கேட்கத் தெரியாத உயிர்

நேபாளத்தின் திஹார் ஐந்து நாள் விழா. முதல் நாள் காகத்துக்கு, இரண்டாம் நாள் நாய்க்கு, மூன்றாம் நாள் பசுவுக்கும் இலட்சுமிக்கும், நான்காம் நாள் எருதுக்கும் கோவர்த்தன மலைக்கும் உரியது. காத்மாண்டு பள்ளத்தாக்கின் நேவார் மக்கள் நான்காம் நாளில் தங்கள் உடலுக்கே பூசை செய்வார்கள். ஐந்தாம் நாள் சகோதரிகள் சகோதரர்களின் நெற்றியில் திலகமிட்டு வாழ்த்துகிறார்கள். இரண்டாம் நாளில் நாயின் கழுத்தில் செண்டுமல்லி மாலை போட்டு, நெற்றியில் சிவப்புத் திலகம் வைத்து, அதற்குப் பிடித்த உணவைத் தட்டில் வைக்கிறார்கள். வீட்டு நாய்க்கு மட்டும் இல்லை; தெருவில் திரியும் நாய்க்கும் மாலை உண்டு. வேறு நாட்களில் விரட்டப்படும் நாய் அன்று நிறுத்தி வணங்கப்படுகிறது. யமனின் தூதர் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது. காவலுக்கும் துணைக்கும் செலுத்தும் நன்றியும் இருக்கிறது.

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில் தருமர் வானுலக வாயிலில் நிற்கிறார். தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்துவிட்டார்கள். கூட வந்தது ஒரு நாய் மட்டுமே. நாயை விட்டுவிட்டு வந்தால் சொர்க்கம் என்கிறான் இந்திரன். நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன் என்று தருமர் மறுக்கிறார். நாய் தரும தேவதையாக உருமாறுவது அதற்குப் பிறகுதான். மறுக்கும்போது அவருக்கு அது வெறும் நாய். அந்த மறுப்புக்கு மதிப்பு வருவதும் அதனால்தான்.

கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், ரோமானிய அரசியலாளர் மூத்த கேட்டோவின் வரலாற்றை எழுதும்போது, உழைத்து முதுமையடைந்த அடிமைகளை விற்றுவிடும் அவரது வழக்கத்தைக் கண்டித்தார். நீதி மனிதருக்குள் நின்றுவிடும், கனிவு ஊற்றுப்போலப் பேசாத உயிர்கள்வரை பாயும் என்பது அவர் கருத்து. ஏதென்ஸில் கோவில் கட்டக் கல் சுமந்த கோவேறு கழுதைகளில் நன்கு உழைத்தவற்றை விருப்பம்போல் மேய அவிழ்த்துவிட்டதையும், சாலமிஸ் தீவு வரை தன் எசமானனின் கப்பலை ஒட்டி நீந்திவந்த நாய்க்கு அங்கே கல்லறை எழுப்பியதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். விலங்குகளுக்கு நேரடிக் கடமை இல்லை என்று கருதிய இம்மானுவேல் காண்ட்கூட, நெடுநாள் உழைத்த முதிய குதிரைக்கும் நாய்க்கும் நன்றி காட்டவேண்டும் என்று 1797இல் எழுதினார். அதை மனிதன் தன் ஒழுக்கத்தைக் காத்துக்கொள்ளும் கடமையாகவே அவர் விளக்கினார். அந்த விளக்கம் போதாது. முதுமையில் கண் மங்கிய நாய்க்குக் கிண்ணத்தை முகத்தருகே தள்ளிவைப்பவர் தன் பண்பைப் பழக்கிக்கொள்வதற்காக அதைச் செய்வதில்லை. அவர் நினைப்பு அதன் பசியில் இருக்கிறது. பெற்றுக்கொள்ளக் கூடிய உயிருக்கு நேராகவே திருப்பிச் செய்யலாம்.

புனித பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4 அன்றோ அதை ஒட்டிய ஞாயிறன்றோ உலகின் பல தேவாலயங்களுக்கு மக்கள் நாயையும் பூனையையும் கூண்டுப் பறவையையும் கொண்டுவந்து ஆசி பெறுகிறார்கள். 1226இல் மறைந்த பிரான்சிஸ், சூரியனைச் சகோதரன் என்றும் நிலவைச் சகோதரி என்றும் அழைத்து இறைவனைப் போற்றியவர். செனெகா சூரியனுக்கு மனத்தைக் கொடுத்தார். பிரான்சிஸ் அதை உறவாக்கினார். எண்ணம் இல்லாதவற்றின் வழியே வந்த நன்மைக்கும் படைத்தவனிடம் நன்றி சேரும் என்பது இறைநம்பிக்கையாளரின் விடை.

நன்றி தவறிப்போகும் இடங்கள்

நன்றியின் பெயரால் அநீதியும் நடந்திருக்கிறது. செஞ்சோற்றுக் கடனுக்காகத் துரியோதனன் பக்கம் நின்ற கர்ணனைத் தமிழ் மனம் இன்றும் நேசிக்கிறது. ஆனால் அவன் நன்றி, சபையில் ஒரு பெண் அவமதிக்கப்பட்டபோது அவனைத் தடுத்து நிறுத்தவில்லை. உதவியவருக்கு உயிரைக் கொடுக்கலாம். பிறருக்குச் சேரவேண்டிய நீதியைக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. கூலி கொடுத்தவருக்கும் இடம் கொடுத்தவருக்கும் நன்றியோடு அடங்கி இருக்கவேண்டும் என்று உழைப்பவர்களிடம் சொல்லப்படும்போதும் இதே தவறு நிகழ்கிறது. உரிமையாகக் கிடைக்கவேண்டியது நன்றிக்குரிய கொடை ஆகாது.

அமெரிக்க நன்றியறிதல் நாளுக்கும் இந்தச் சோதனை உண்டு. 1621இல் பிளிமத் குடியேறிகளும் வாம்பனோவாக் பூர்வகுடி மக்களும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்தோடு அது இணைத்துப் பேசப்படுகிறது. 1863இல் ஆபிரகாம் லிங்கன் அதை நாடு தழுவிய நாளாக அறிவித்தார். 1970 முதல் அதே நாளில் பிளிமத்தில் பூர்வகுடி மக்கள் துக்க நாள் கடைப்பிடிக்கிறார்கள். கிடைத்த நிலத்துக்கு நன்றி சொல்லும்போது, அது யாரிடமிருந்து போனது என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை.

மனுநூலும் இந்தச் சோதனைக்குத் தப்பாது. ஓதுதல், முன்னோர்க்கு நீர் வார்த்தல், வேள்வி, உயிர்களுக்கு உணவிடல், விருந்தோம்பல் என்று அது விதிக்கும் ஐந்து வேள்விகள் நூலையும் வீட்டையும் விலங்கையும் ஒரு நாளின் கடமைக்குள் கொண்டுவருகின்றன. அந்த ஏற்பாடு பெரிது. ஆனால் உயிர்களுக்கு உணவிடும் விதியில் நாய்க்கும் காகத்துக்கும் புழுவுக்கும் இடையே விலக்கப்பட்ட மனிதர்களையும் அது நிறுத்தியது. விலங்குக்குக் காட்டும் கனிவு மனிதரைத் தாழ்த்தி வாங்கப்பட்டால் அது நன்றி என்ற பெயருக்குத் தகுதி இழக்கிறது.

முடிபு

எண்ணமில்லாதவற்றுக்கு நன்றி உண்டா என்ற கேள்விக்கு, எண்ணத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் நன்றி கடனைத் தீர்ப்பதோடு முடிந்துவிடும் ஒன்றாக எந்த மரபிலும் இருந்ததில்லை. ஒருவர் எவற்றால் வாழ்கிறார் என்பதைச் சரியாகப் பார்ப்பது அதன் முதல் பாதி. பார்த்ததற்கேற்ப நடப்பது மறு பாதி. இந்த இரண்டுக்கும் கொடுத்தவரின் எண்ணம் தேவையில்லை. பெற்றவரின் கவனம் போதும்.

அந்தக் கவனம் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கடமையைத் தருகிறது. வீட்டாரின் உழைப்பைக் கண்டுகொண்டு, அதில் பங்கெடுத்து, அவர்களிடமிருந்து பெற்றதை அடுத்த தலைமுறைக்குச் சேர்ப்பது. புத்தகத்தைக் காப்பாற்றி, வாசித்து, கைமாற்றிவிடுவது. விலங்குக்கு அதன் உழைப்பும் துள்ளலும் முடிந்த பிறகும் உணவும் இடமும் கொடுப்பது. சரத் காலத்து விழாக்கள் இவற்றுக்கு ஒரு நாளை ஒதுக்குகின்றன. மற்ற நாட்களில் செய்ய மறந்தவர்களுக்கு அந்த நாள் நினைவூட்டல். செய்துகொண்டிருப்பவர்களுக்கு, தாங்கள் செய்வது அறமே என்ற உறுதி.